அளந்து பார்த்துக் காசு கொடுங்கள்

கிணறு வெட்டினால் கன அடிக் கணக்கு. எரு வாங்கினால் லோடு கணக்கு. நடவுக்கு ஆள் விட்டால் ஏக்கர் கணக்கு. மரத்தை விற்றால் சுற்றளவுக் கணக்கு. விவசாயி கொடுக்கின்ற பணமும், அவர் கைக்கு வருகின்ற பணமும் ஏதாவது ஓர் அளவை வைத்தே முடிவாகின்றன. ஆனால் அந்த அளவை எடுப்பவர் பெரும்பாலும் எதிராளிதான். நாம் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்பதோடு சரி.

நீளம், அகலம், உயரம் மூன்றும் நேராக இருக்கும் பொருளில் யாரும் அதிகம் ஏமாறுவதில்லை. மூன்றையும் பெருக்கினால் கன அடி வந்துவிடும். வட்டமாக, சரிவாக, கோணலாக இருப்பவற்றில்தான் பணம் போகிறது. அவற்றை அளக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. ஒரு நூறடி டேப்பும், ஒரு கயிறும், கீழே சொல்லும் சில கணக்குகளும் போதும்.

முதலில் வட்டம். வட்டத்தின் குறுக்களவை அதே குறுக்களவால் பெருக்கி, வந்ததை 11-ஆல் பெருக்கி 14-ஆல் வகுத்தால் பரப்பு கிடைக்கும். இருபது அடி குறுக்களவுள்ள கிணற்றுக்கு 20 × 20 = 400. அதை 11-ஆல் பெருக்கினால் 4,400. 14-ஆல் வகுத்தால் 314 சதுர அடி. மரம், குதிர், நெற்குவியல் போன்றவற்றில் குறுக்களவு எடுக்க முடியாது, சுற்றளவுதான் கிடைக்கும். அப்போது சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, 7-ஆல் பெருக்கி, 88-ஆல் வகுக்க வேண்டும்.

நம் முன்னோருக்கு இது தெரியாததல்ல. பழைய தமிழ்க் கணக்கு நூலான கணக்கதிகாரத்தில், சுற்றளவில் பாதியையும் குறுக்களவில் பாதியையும் பெருக்கினால் வட்டத்தின் பரப்பு வரும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. இருபது அடிக் கிணற்றுக்குச் சுற்றளவு சுமார் 63 அடி, பாதி 31½, அதைப் பத்தால் பெருக்கினால் 315. இரண்டு வழியும் ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன.

வட்டத்தில் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. குறுக்களவில் இரண்டு அடி கூடினால் பரப்பில் இரண்டு பங்கு கூடுவதாக எண்ணிவிட வேண்டாம். 20 அடிக் கிணற்றின் பரப்பு 314. 22 அடிக் கிணற்றின் பரப்பு 380. பத்தில் ஒரு பங்கு குறுக்களவு கூடியதற்கு ஐந்தில் ஒரு பங்கு வேலை கூடிவிட்டது. ‘இரண்டு அடிதானே, இருக்கட்டும்’ என்று விட்டுக்கொடுப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

கிணறு வெட்டுக் கணக்கு

எனக்கே நேர்ந்ததைச் சொல்கிறேன். முப்பதடி ஆழத்துக்குக் கிணறு வெட்ட, நூறு கன அடிக்கு இவ்வளவு என்று பேசி ஒப்பந்தம் விட்டேன். மண் சரியாமல் இருக்க மேலே அகலமாகவும் கீழே போகப் போகக் குறுகலாகவும் வெட்டினார்கள். அது சரியான முறைதான். வேலை முடிந்ததும் ஒப்பந்தக்காரர் மேல்வாயில் டேப்பைப் பிடித்தார். 24 அடி. பரப்பு 452 சதுர அடி, ஆழம் 30, ஆக 13,560 கன அடி என்று எழுதிக் கொடுத்தார். நானும் தலையாட்டிவிட்டேன். பணம் கொடுத்து ஒரு வாரம் கழித்துத்தான், அடியில் குறுக்களவு 18 அடிதானே என்று உறைத்தது.

சரியான கணக்கு இதுதான். மேல் பரப்பு, அடிப் பரப்பு, பாதி ஆழத்தில் உள்ள நடுப் பரப்பு ஆகிய மூன்றையும் தனித்தனியே போட வேண்டும். நடுப் பரப்பை மட்டும் நாலால் பெருக்கி மற்ற இரண்டோடு கூட்டி, மொத்தத்தை ஆறால் வகுத்தால் சராசரிப் பரப்பு வரும். அதை ஆழத்தால் பெருக்க வேண்டும்.

என் கிணற்றில் மேல் பரப்பு 452, அடிப் பரப்பு 254, நடுவில் குறுக்களவு 21 அடி ஆனதால் பரப்பு 346. நடுப் பரப்பின் நாலு மடங்கு 1,384. மூன்றும் சேர்ந்து 2,090. ஆறால் வகுத்தால் 348. முப்பதடி ஆழத்துக்கு 10,440 கன அடி. நான் பணம் கொடுத்ததோ 13,560-க்கு. மூவாயிரம் கன அடிக்கு மேல், அதாவது வெட்டாத மண்ணுக்கு முப்பத்தோரு நூறு கூலி. ஒப்பந்தக்காரர் மேல் மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. பேசும்போதே ‘மேல், நடு, அடி மூன்று இடத்திலும் அளவு எடுப்போம்’ என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வேலை முடிந்த பிறகு சொன்னால் அது சண்டை. தொடங்கும் முன் சொன்னால் அது ஒப்பந்தம்.

கிணறு சரியான வட்டமாக இருப்பதும் அபூர்வம். வடக்கு தெற்காக ஒன்று, கிழக்கு மேற்காக ஒன்று என இரண்டு குறுக்களவு எடுத்து, கூட்டிப் பாதியாக்கிக் கொள்ளவும். பாறையில் வெடி வைத்து எடுத்த இடத்தில் படி படியாக இருந்தால் ஒவ்வொரு படியையும் தனிக் கிணறாக எண்ணிக் கணக்குப் போட்டுக் கூட்டுவதே நல்லது.

பண்ணைக் குட்டைக்கும் இதே முறைதான். மேலே 100 அடி நீளம், 50 அடி அகலம், ஆறடி ஆழம், ஓர் அடிக்கு ஓர் அடி சரிவு என்று வைத்துக்கொள்வோம். அடியில் 88க்கு 38 அடிதான் இருக்கும். நடுவில் 94க்கு 44. மேல் பரப்பு 5,000, அடி 3,344, நடு 4,136. முன் சொன்னபடி போட்டால் 24,888 கன அடி வரும். மேல் அளவை மட்டும் ஆழத்தால் பெருக்கினால் முப்பதாயிரம். ஐயாயிரம் கன அடி மண்ணைக் காற்றில் வெட்டியதாகிவிடும். குட்டையில் ஏழு லட்சம் லிட்டர் பிடிக்கும் என்று தெரிந்துகொள்ளவும் இதுவே கணக்கு. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர்.

கிணற்றில் உள்ள தண்ணீர் எத்தனை ஏக்கருக்குக் காணும்?

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கணக்கு. விதைப்புக்கு முன் இதைப் போடாததால் பாதி வயது பயிரைக் காயவிட்டவர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள்.

ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. அதில் ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்த 3,630 கன அடி, அதாவது சுமார் 1 லட்சத்து 3 ஆயிரம் லிட்டர் வேண்டும். இரண்டு அங்குலம் கட்ட 2 லட்சத்து 5 ஆயிரம் லிட்டர்.

இருபது அடிக் கிணற்றில் ஓர் அடித் தண்ணீர் என்றால் 314 கன அடி. சுமார் 8,900 லிட்டர். பன்னிரண்டு அடித் தண்ணீர் நின்றால் பார்வைக்குக் கிணறு நிறைந்து தளும்புவது போலத் தெரியும். ஆனால் அவ்வளவும் சேர்ந்தால் ஒரு ஏக்கரை ஓர் அங்குலம் நனைக்கத்தான் சரியாக இருக்கும். ஆகவே நிற்கின்ற தண்ணீரைப் பார்த்துப் பயிரை முடிவு செய்யக் கூடாது. ஊறுகின்ற தண்ணீரைப் பார்க்க வேண்டும்.

ஊற்றை அளப்பது எளிது. ஒரு நாள் மாலை ஆறு மணிக்கு, மோட்டார் இறைக்க முடியாத மட்டம் வரை இறைத்துவிட்டு நிறுத்தவும். கல் கட்டிய கயிற்றை இறக்கித் தண்ணீர் மட்டத்தில் முடிச்சுப் போட்டுக்கொள்ளவும். மறுநாள் காலை ஆறு மணிக்கு மறுபடியும் இறக்கிப் பார்க்கவும். மூன்று அடி ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு மணி நேரத்தில் 26,700 லிட்டர். ஒரு நாளைக்கு 53,400 லிட்டர். எட்டு நாளைக்கு ஒரு தண்ணீர் கட்டும் பயிரானால் அந்த எட்டு நாளில் சேர்வது சுமார் 4 லட்சத்து 27 ஆயிரம் லிட்டர். மண் வாய்க்காலில் கால் பங்கு போய்விடும் என்று கழித்தால் மிஞ்சுவது 3 லட்சத்து 20 ஆயிரம். தடவைக்கு இரண்டு அங்குலம் வீதம் கட்டினால் ஒன்றரை ஏக்கருக்குத்தான் காணும். மூன்று ஏக்கரில் கடலை போட்டுவிட்டு வானத்தைப் பார்ப்பதைவிட, ஒன்றரை ஏக்கரில் கடலையும் மீதியில் மானாவாரியாக ஏதாவது ஒரு பயறும் போடுவது மேல்.

இந்த அளவைக் கார்த்திகை மாதத்தில் எடுத்து மாசி மாதத்துக்கு நம்பிவிட வேண்டாம். மழை ஓய்ந்தபின் ஊற்று குறையும். சென்ற ஆண்டு மாசியில் எடுத்த அளவு உங்கள் நோட்டில் இருந்தால் அதுதான் வழிகாட்டி. இல்லாதவர்கள் இந்த ஆண்டு முதல் எழுதி வைக்கவும்.

மோட்டார் எவ்வளவு இறைக்கிறது என்பதற்கு 200 லிட்டர் பீப்பாய் ஒன்று போதும். குழாய் வாயில் வைத்து நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று பார்க்கவும். 40 நொடியானால் நொடிக்கு 5 லிட்டர், மணிக்கு 18,000 லிட்டர். ஒரு ஏக்கருக்கு இரண்டு அங்குலம் கட்ட பதினொன்றரை மணி நேரம்.

கோணல் வயல்

வயலை அளக்க ஊரில் ஒரு வழக்கம் உண்டு. எதிரெதிர் வரப்புகளைக் கூட்டிப் பாதியாக்கி, இரண்டு பாதிகளையும் பெருக்குவது. சதுரமான வயலுக்கு இது சரி. கோணல் வயலுக்கு இது எப்போதும் கூடுதலாகவே காட்டும். ஒருபோதும் குறைத்துக் காட்டாது. குத்தகைக்கு எடுப்பவருக்கும், ஏக்கர் கணக்கில் நடவு, அறுவடைக் கூலி கொடுப்பவருக்கும் இது நேரான நஷ்டம்.

ஒரு வயலின் நான்கு வரப்புகள் 100, 209, 100, 222 அடி. வழக்கப்படி 100-ஐயும் 215½-ஐயும் பெருக்கினால் 21,550 சதுர அடி. ஒரு சென்ட்டுக்கு 435.6 சதுர அடி. ஆகவே 49½ சென்ட்.

இப்போது அதே வயலில் நீளமான மூலைக்கு மூலை கயிறு கட்டினோம். 280 அடி. மிச்சமுள்ள இரண்டு மூலைகளிலிருந்தும் அந்தக் கயிற்றுக்குச் செங்குத்துத் தூரம் எடுத்தோம். ஒன்று 60 அடி, மற்றொன்று 72 அடி. இரண்டையும் கூட்டினால் 132, பாதி 66. அதை 280-ஆல் பெருக்கினால் 18,480 சதுர அடி. 42½ சென்ட்கூட முழுதாக இல்லை. ஏழு சென்ட் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை, முதலிலேயே இல்லை.

செங்குத்துத் தூரம் எடுக்கத் தனிக் கருவி வேண்டாம். மூலையில் ஒருவர் டேப்பின் தலையைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் குறுக்குக் கயிற்றின் மேல் டேப்பை இப்படியும் அப்படியும் நகர்த்தட்டும். எந்த இடத்தில் தூரம் மிகக் குறைவாகக் காட்டுகிறதோ அதுவே செங்குத்து. நில அளவைத் துறையின் புலப்படமும் வயலை இப்படி முக்கோணங்களாகப் பிரித்துத்தான் வரையப்படுகிறது.

வயலைச் சுற்றி நடந்தால் பரப்பைக் காட்டும் வசதி இப்போது செல்போனிலேயே வந்துவிட்டது. பெரிய நிலத்துக்கு அது உதவும். முப்பது நாற்பது சென்ட் துண்டில் மூலைக்கு மூலை சில அடி தவறினாலே கணக்கு கெட்டுவிடும் என்பதால், பணம் கைமாறும் இடத்தில் டேப்பையே நம்பவும். பட்டாவில் ஹெக்டேர், ஏர்ஸ் என்று இருப்பதைக் கண்டு மலைக்க வேண்டாம். ஒரு ஏர்ஸ் என்பது 2.47 சென்ட். நாற்பதரை ஏர்ஸ் ஒரு ஏக்கர். மெட்ரிக் முறைக்கு 1956-ல் சட்டம் வந்தும், கிணறும் மரமும் இன்றுவரை அடிக்கணக்கில்தான் பேசப்படுகின்றன. ஆகவே இரண்டையும் தெரிந்து வைத்திருக்க வேண்டியதுதான்.

களத்து நெல்லும் எரு வண்டியும்

களத்தில் தூற்றிக் குவித்த நெல்லை மூட்டை பிடிக்கும் முன்பே அளந்துவிடலாம். குவியலின் அடிச் சுற்றளவைக் கயிற்றால் எடுக்கவும். உச்சியில் ஒரு மெல்லிய குச்சியைத் தரை வரை குத்தி உயரம் பார்க்கவும். சுற்றளவு 36 அடி, உயரம் 3½ அடி என்றால், அடிப் பரப்பு 36 × 36 × 7 ÷ 88 = 103 சதுர அடி. உச்சி கூம்பாக இருப்பதால் உயரத்தால் பெருக்கி மூன்றால் வகுக்க வேண்டும். 120 கன அடி. காய்ந்த நெல் கன அடிக்கு ஏறக்குறைய 16 கிலோ இருக்கும். 1,920 கிலோ, 40 கிலோ மூட்டையானால் 48 மூட்டை. ஒன்றிரண்டு மூட்டை முன்னே பின்னே இருக்கலாம். ஐந்தாறு மூட்டை குறைந்தால் எடைக்கல்லையோ தராசையோ பார்க்க வேண்டியதுதான்.

ரகத்துக்கும் ஈரத்துக்கும் தக்கபடி எடை மாறும். உங்கள் நெல்லின் எடையை நீங்களே கண்டுபிடிக்கலாம். சுமார் 14 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் வாளி அரைக் கன அடி. அதில் நெல்லைத் தலைதட்டி அளந்து எடை போட்டு இரண்டால் பெருக்கவும்.

எருவுக்கும் இதே வாளிதான். டிராக்டர் டிரெய்லரின் உள்ளளவு 10 அடி நீளம், 6 அடி அகலம், 2 அடி உயரம் என்றால் தலைதட்டி 120 கன அடி. நூறு கன அடி ஒரு யூனிட் என்பதால் ஒன்றேகால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. வெளியளவு எடுக்கக் கூடாது. உள்ளே இறங்கி அளக்க வேண்டும். ஏற்றும் இடத்தில் மேடாகத் தெரிவது வழியில் குலுங்கி அமுங்கிவிடும். ஆகவே உங்கள் வயலுக்கு வந்து சேர்ந்தபின்தான் உயரம் பார்க்க வேண்டும். ஏக்கருக்கு 5 டன் தொழு எரு இடச் சொல்கிறார்கள். உங்கள் எரு கன அடிக்கு 15 கிலோ இருந்தால் ஒரு லோடு 1,800 கிலோ; ஏக்கருக்கு மூன்று லோடு வேண்டும். இரண்டு லோடு அடித்துவிட்டு ‘எரு போட்டும் பயன் இல்லை’ என்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

மரம் விற்பவர் கவனத்துக்கு

மர வியாபாரிகள் சுற்றளவை நாலால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவார்கள். நடுச் சுற்றளவு 4 அடி, நீளம் 15 அடி உள்ள தேக்கு அடிமரத்துக்கு 1 × 1 × 15 = 15 கன அடி. வட்டக் கணக்குப்படி அதில் உள்ள மரம் 19 கன அடி. நூற்றுக்கு இருபத்தொன்று போல இந்த முறையிலேயே குறைந்துவிடுகிறது. அறுக்கும்போது ஓரச் சிலாம்பு கழியும் என்பதற்காக ஏற்பட்ட வழக்கம் இது. எல்லோருக்கும் பொது என்பதால் ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் இதற்கு மேலும் பட்டைக் கழிவு என்று சுற்றளவில் நாலு அங்குலம் தள்ளினால் 15 கன அடி 12½ ஆகிவிடும். கழித்ததையே மறுபடியும் கழிப்பது போன்றது அது. பட்டையை உரித்துவிட்டுச் சுற்றளவு எடுப்போம் என்று சொல்லுங்கள். நுனிப் பக்கத்தில் கயிறு போடவும் விடாதீர்கள். நீளத்தின் நடுவில்தான் போட வேண்டும்.

நிற்கும் மரத்தின் உயரம் அறிய வெயில் போதும். ஆறடிக் கழியை நட்டு அதன் நிழலை அளக்கவும். அதே நேரத்தில் மரத்தின் நிழலையும் அளக்கவும். கழி நிழல் 4 அடி, மர நிழல் 26 அடி என்றால் உயரம் 39 அடி.

ஆட்டின் எடை

சந்தையில் ஆட்டைத் தூக்கிப் பார்த்து விலை சொல்கிறார்கள். வியாபாரியின் கைக்கு உள்ள பழக்கம் நம் கைக்கு இல்லை. டேப்பை எடுங்கள். முன்காலுக்குச் சற்றுப் பின்னால் மார்பைச் சுற்றி எத்தனை அங்குலம் என்று பார்க்கவும். பிறகு தோள்பட்டை முனையிலிருந்து வாலடி எலும்பு முனை வரை நீளம். மார்புச் சுற்றளவை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ எடை வரும். சுற்றளவு 28, நீளம் 26 அங்குலம் என்றால் 784 × 26 ÷ 660 = ஏறக்குறைய 31 கிலோ. மாட்டுக்கும் இதே கணக்கு; சுற்றளவு 60, நீளம் 50 என்றால் 273 கிலோ வரும்.

இது தராசுக்கு ஈடாகாது. சினை ஆட்டுக்கும், மிக மெலிந்ததற்கும் பொருந்தாது. காலையில் தீனி, தண்ணீர் வைக்கும் முன், நான்கு காலும் சமமாக ஊன்றி நிற்கும்போது எடுக்க வேண்டும். டேப் தோலை ஒட்டி இருக்க வேண்டும், இறுக்கக் கூடாது. சுற்றளவில் ஓர் அங்குலம் தவறினால் ஆட்டின் எடையில் இரண்டு கிலோவுக்கு மேல் வித்தியாசம் வரும். பூச்சி மருந்து உடல் எடைப்படி கொடுக்க வேண்டியது என்பதால், விற்காவிட்டாலும் இந்த அளவு உதவும்.

டேப் வாங்கும்போது துணி டேப் வேண்டாம். ஈரம் பட்டால் நீண்டு சுருங்கும். நைலான் கயிறும் இழுத்தால் நீளும். கயிறு வேண்டிய இடத்தில் முறுக்கேறிய பழைய சணல் கயிற்றையோ கம்பியையோ எடுத்து, அதை டேப்பில் வைத்து அளந்துகொள்ளவும்.